இடைவெளி வீடு திரும்புமா?

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் பழைய புள்ளிவிவரத்திலிருந்து இரண்டு வரிசைகளை எடுத்துக்கொள்வோம். காலம் 1866 முதல் 1911 வரை. ஒரு வரிசையில், அந்தந்த ஆண்டு நடந்த திருமணங்களில் எத்தனை பங்கு இங்கிலாந்துத் திருச்சபையின் தேவாலயங்களில் நடந்தது என்ற கணக்கு. இன்னொன்றில், ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு. இரண்டுக்கும் ஒட்டுறவு போட்டுப் பார்த்தால் 0.95 வருகிறது. அதன் உச்சவரம்பே 1 தான். மருந்து ஆராய்ச்சியில் இப்படி ஓர் எண் கிடைத்தால் இனிப்பு வாங்கி விநியோகிப்பார்கள். இங்கே அந்த எண் சொல்வது என்ன? தேவாலயத்தில் தாலி ஏறுவது குறையக் குறையச் சாவும் குறைகிறது!

இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவர் உட்னி யூல். லண்டன் அரச புள்ளியியல் கழகத்தின் தலைவராக இருந்தவர். 1926இல் அச்சான அவருடைய தலைமையுரையே இந்த அபத்த ஒட்டுறவுகளைப் பற்றியதுதான். கொஞ்சம் சாமர்த்தியம் இருந்தால் இதற்கும் ஒரு காரணம் ஜோடித்துவிடலாம் என்று அவரே கிண்டல் செய்கிறார்: அறிவியல் சிந்தனை பரவியது, அதனால் கோயில் கல்யாணம் குறைந்தது, மருத்துவமும் வளர்ந்தது, அதனால் சாவு குறைந்தது. எல்லோரும் சட்டென்று சொல்லும் இன்னொரு பதிலும் உண்டு. “இரண்டும் காலத்தோடு இறங்கின, அவ்வளவுதான்.” யூலுக்கு இதிலும் திருப்தி இல்லை. காலம் என்பது தானாக எதையும் செய்யாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வரிசைகளில் இவ்வளவு பெரிய எண் எப்படி இத்தனை சுலபமாக வருகிறது என்பதுதான் அவர் கேள்வி.

அந்தக் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்க அறுபது ஆண்டுகள் ஆயின. பதிலின் பெயர்கள்தான் யூனிட் ரூட், கோஇன்டக்ரேஷன். பெயர்கள் பயமுறுத்தும், விஷயம் அப்படி இல்லை. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரு விலையை நாள்தோறும் எழுதி வருகிறோம். இன்றைய மதிப்பில் இரண்டு சரக்குகள் கலந்திருக்கின்றன: நேற்றைய மதிப்பில் ஒரு பங்கு, இன்று புதிதாக வந்து விழுந்த ஓர் உதை. அந்தப் பங்கு பாதி என்று வையுங்கள். இன்று ஏதோ ஒரு செய்தியால் 100 ரூபாய் உதை விழுகிறது. நாளை அதில் 50 மிஞ்சும், மறுநாள் 25, பத்தாவது நாளில் சுமார் பத்துப் பைசா. விலை அந்த உதையை மறந்துவிட்டது. பங்கு 0.9 என்றால் மறதி மெதுவாக வரும். பத்தாவது நாளில் இன்னும் 35 ரூபாய் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனாலும் மறக்கும். பங்கு சரியாக 1 என்றால்? 100 ரூபாய் பத்தாவது நாளிலும் 100, ஆயிரமாவது நாளிலும் 100. இந்தத் தொடர் எதையும் மறப்பதில்லை. இன்றைய மதிப்பு என்பது இதுவரை விழுந்த எல்லா உதைகளின் கூட்டுத்தொகை.

அந்த 1 தான் யூனிட் ரூட். அதைக் கொண்ட தொடருக்கு வீடு கிடையாது. போன இடமே அதற்கு வீடு. அங்கிருந்து அடுத்த அலைச்சல் தொடங்கும். நாணயத்தைச் சுண்டித் தலைக்கு ஒரு ரூபாய் கூட்டியும் பூவுக்கு ஒரு ரூபாய் கழித்தும் கணக்கு வைத்தால் இப்படிப்பட்ட தொடர் கிடைக்கும். நூறு சுண்டலில் தொகை பூஜ்யத்திலிருந்து பத்து ரூபாய் அளவுக்கு விலகியிருப்பது சாதாரணம். பத்தாயிரம் சுண்டலில் நூறு ரூபாய் அளவுக்கு. காலம் நீள நீள விலகலும் விரிந்துகொண்டே போகும். மறக்கும் தொடரோ எவ்வளவு ஆடினாலும் தன் மட்டத்தைச் சுற்றியே ஆடும். இதைப் புள்ளியியலில் நிலைத்த தொடர் என்பார்கள்.

வீடில்லாத இரண்டு தொடர்களை, ஒன்றை ஒன்று அறியாதவற்றை, ஒரே தாளில் வரைந்தால் என்ன ஆகும்? ஒவ்வொன்றும் நெடுந்தூரம் ஒரே திசையில் போகும், பிறகு திரும்பும், மறுபடி நெடுந்தூரம் போகும். ஐம்பது ஆண்டுத் தரவில் இப்படிப் பெரிய ஏற்றஇறக்கங்கள் இரண்டு மூன்றுதான் இருக்கும். நம் கண்ணுக்கு ஐம்பது சாட்சிகள் தெரிகின்றன. உண்மையில் வந்து நிற்பவை இரண்டு மூன்று. இரண்டு மூன்று சாட்சிகள் தற்செயலாக ஒரே கதையைச் சொல்வது அதிசயமே இல்லை.

1974இல் கிளைவ் கிரேஞ்சரும் பால் நியூபோல்டும் இதைக் கணினியில் செய்து பார்த்தார்கள். சம்பந்தமில்லாத அலையும் தொடர்களை, ஒவ்வொன்றிலும் ஐம்பது அளவுகள் இருக்கும்படி உண்டாக்கி, ஒன்றை வைத்து மற்றொன்றை விளக்கும் ரெக்ரஷன் போட்டார்கள். பாடப்புத்தக முறைப்படி சோதித்தால், “தொடர்பு இருக்கிறது” என்ற பொய்ச் சாட்சி நூற்றுக்கு ஐந்து முறைதான் வர வேண்டும். ஏறக்குறைய முக்கால்வாசி முறை வந்தது. அதுவரை வெளியான பொருளாதார ஆய்வுகளில் எத்தனை இந்த வகை என்று யோசித்தவர்களுக்குத் தூக்கம் போயிருக்கும்.

“தரவு போதவில்லை, இன்னும் சேர்த்தால் சரியாகிவிடும்” என்று ஒருவர் சொல்லலாம். இல்லை. பீட்டர் பிலிப்ஸ் 1986இல் கணிதமாக நிறுவியது இதற்கு நேர் எதிர். தரவு கூடக் கூட, தொடர்பு எவ்வளவு உறுதி என்று காட்டும் டி-மதிப்பு போலியாகப் பெருத்துக்கொண்டே போகும். ஐந்நூறு ஆண்டுத் தரவு இருந்தால் பொய் இன்னும் உறுதியாகத் தெரியும். புள்ளியியலில் எனக்கு மிகவும் சங்கடம் தந்த முடிவு இதுதான். அதிகத் தரவு என்றால் அதிக உண்மை என்ற நம்பிக்கையை இது அடியோடு ஆட்டிவிடுகிறது.

டேவிட் ஹென்ட்ரி இதை வைத்து ஒரு விளையாட்டு காட்டினார். 1980இல் வெளியான அவருடைய கட்டுரையில், பிரிட்டனின் விலைவாசியைப் பணப்புழக்கத்தைவிட நன்றாக விளக்கும் ஒரு மாறியைக் கண்டுபிடித்திருப்பதாகச் சொல்லி, வரைபடமும் போட்டார். அந்த மாறி என்ன தெரியுமா? பிரிட்டனில் பெய்த மழையின் கூட்டுத்தொகை. ஒவ்வோர் ஆண்டின் மழையையும் முந்தைய ஆண்டுகளின் மழையோடு கூட்டிக்கொண்டே போனால் அது ஏறிக்கொண்டேதான் இருக்கும், விலைவாசியும் அப்படியே. பணவீக்கத்துக்கு மழைதான் காரணம் என்று நிரூபணம் ஆகிவிட்டது!

ஆகவே முதல் வேலை, கையில் இருக்கும் தொடர் வீடுள்ளதா இல்லாததா என்று கண்டுபிடிப்பது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் டிக்கி என்ற மாணவரும் வேய்ன் ஃபுல்லர் என்ற ஆசிரியரும் இதற்கு ஒரு சோதனை செய்தார்கள். 1979இல் வந்த அவர்கள் கட்டுரைதான் இன்றும் எல்லா மென்பொருளிலும் முதலில் நிற்கிறது. செய்முறை எளிது. இன்றைய மாற்றத்தை நேற்றைய மட்டத்தோடு ஒப்பிட வேண்டும். வீடுள்ள தொடர் என்றால், நேற்று மட்டம் மிக உயரத்தில் இருந்தால் இன்று அது இறங்கப் பார்க்கும். தாழ்ந்திருந்தால் ஏறப் பார்க்கும். ஆக, மட்டத்தின் குணகம் எதிர்க்குறியில் வரும். வீடில்லாத தொடருக்கு நேற்றைய மட்டம் எதையும் சொல்லாது, குணகம் பூஜ்யம்.

இவ்வளவுதானா என்றால், இல்லை. குணகம் பூஜ்யமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது. வழக்கமான டி-அட்டவணையில் ஒருபக்க 5 சதவீத எல்லை ஏறக்குறைய −1.65. தொடரில் யூனிட் ரூட் இருக்கும்போது அந்த அட்டவணை செல்லாது. டி-மதிப்பின் பரவல் முழுவதும் இடப்பக்கம் சாய்ந்துவிடுகிறது. சராசரியை ஒரு மாறிலியாகச் சேர்த்துச் சோதித்தால் எல்லை −2.86, சராசரியோடு நேர்கோட்டுப் போக்கையும் சேர்த்தால் −3.41. பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு −2.2ஐப் பார்த்து “நிலைத்த தொடர்” என்று முத்திரை குத்தினால் தவறு. டிக்கி, ஃபுல்லர் இருவரின் உண்மையான பங்களிப்பு இந்தப் புது எல்லைகள்தான்.

மாறிலி வேண்டுமா, போக்கு வேண்டுமா, முந்தைய மாற்றங்களை எத்தனை நாள் வரை சேர்ப்பது என்பதெல்லாம் சோதிப்பவரின் கையில். இந்தத் தெரிவுகளால் தீர்ப்பே மாறும். ஏறுமுகமான தொடரில் போக்கைச் சேர்க்காமல் சோதித்தால், நேர்கோட்டைச் சுற்றி ஒழுங்காக ஆடும் தொடரும் வீடில்லாததுபோலத் தோன்றும். நான் படிக்கும் கட்டுரைகளில் இந்தத் தெரிவுகளை மறைத்துவிட்டு முடிவை மட்டும் தருபவற்றை அங்கேயே மூடிவிடுவேன்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று. இந்தச் சோதனைக்குக் கண்பார்வை மங்கல். பங்கு 0.97க்கும் 1க்கும் உள்ள வித்தியாசம் நூறு அளவுகளில் அதற்குச் சரியாகத் தெரியாது. “யூனிட் ரூட் இருக்கிறது” என்பதை மறுக்க முடியவில்லை என்றால், இருக்கிறது என்று நிரூபித்ததாக ஆகாது. குற்றம் நிரூபிக்கப்படாத எல்லோரும் நிரபராதிகள் அல்லவே. 1992இல் நான்கு பேர் வழக்கைத் திருப்பிப் போட்டார்கள்: தொடர் நிலைத்தது என்பதை முதல் அனுமானமாக வைத்து, அதை மறுக்க ஆதாரம் தேடும் சோதனை. அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளால் கேபிஎஸ்எஸ் என்று வழங்குகிறது. இரண்டு சோதனைகளும் ஒரே தீர்ப்பைச் சொன்னால் நிம்மதி. முரண்பட்டால், தரவுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தெம்பு இல்லை என்று ஒப்புக்கொள்வதே நேர்மை.

தெம்பு என்பது எண்ணிக்கையால் வருவதல்ல. காலத்தின் நீளத்தால் வருவது. நாடுகளின் விலைவாசி வித்தியாசத்தை ஒட்டி நாணய மாற்றுவிகிதம் அமைய வேண்டும் என்பது பழைய கோட்பாடு. அதிலிருந்து விலகல் ஏற்பட்டால் பாதி விலகல் சரியாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகின்றன என்பது கென்னத் ரோகாஃப் 1996இல் தொகுத்துச் சொன்ன பொதுக்கருத்து. இப்படிப்பட்ட ஒன்றை ஓராண்டின் தினசரி விலைகளை வைத்துக்கொண்டு சோதித்தால் என்ன தெரியும்? 250 அளவுகள் இருக்கும். ஆனால் பாதி விலகல் சரியாகும் காலத்தில் கால்பங்கை மட்டுமே பார்த்திருப்போம். முப்பது ஆண்டுகளின் முப்பதே அளவுகள் அதைவிட அதிகம் சொல்லும். நாளுக்கு நாள் எடுத்த தரவை மணிக்கு மணி எடுத்தாலும் இதில் லாபம் இல்லை.

இந்தச் சோதனை பெரிய சண்டை ஒன்றையும் கிளப்பியது. 1982இல் நெல்சனும் பிளாஸரும் அமெரிக்காவின் 14 நீண்ட பொருளாதாரத் தொடர்களை எடுத்துச் சோதித்தார்கள். 13இல் யூனிட் ரூட்டை மறுக்க முடியவில்லை. விதிவிலக்கு வேலையின்மை விகிதம் மட்டும். இதன் பொருள் சாதாரணமானதல்ல. நாட்டின் உற்பத்தி எதையும் மறக்காது என்றால், ஒரு மந்தநிலையின் தழும்பு நிரந்தரமாக இருந்துவிடும்; “நெடுங்காலத்தில் பழைய பாதைக்குத் திரும்பிவிடும்” என்ற ஆறுதல் இல்லை. 1989இல் பியர் பெரோன் வேறொரு கோணம் காட்டினார். 1929இன் பெருவீழ்ச்சியையும் 1973இன் எண்ணெய் விலை அதிர்ச்சியையும் போக்கில் ஏற்பட்ட முறிவுகளாக வைத்துவிட்டுச் சோதித்தால், பெரும்பாலான தொடர்கள் தங்கள் பாதையைச் சுற்றியே ஆடுகின்றன. நடுவில் ஒருமுறை பாதை முறிந்ததைக் கவனிக்காத சோதனை, அதை வீடில்லா அலைச்சல் என்று தவறாகப் படித்துவிட்டது. முறிவு ஆண்டுகளைத் தனக்கு வசதியாகத் தேர்ந்தார் என்று பெரோனையும் விடவில்லை. 1992இல் சிவோட், ஆண்ட்ரூஸ் இருவரும் முறிவு நாளைத் தரவே தேர்ந்தெடுக்கும்படி ஒரு சோதனையைக் கொண்டுவந்தார்கள். அதில் பெரோனின் மறுப்புகள் சில தளர்ந்தன.

சரி, தொடர் அலைகிறது என்று தெரிந்துவிட்டது. என்ன செய்வது? எளிய வைத்தியம், மட்டங்களை விட்டுவிட்டு மாற்றங்களை மட்டும் ஒப்பிடுவது. நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு மாறியது என்பது பெரும்பாலும் நிலைத்த தொடர். போலித் தொடர்பு ஒழிந்தது. ஆனால் குளித்த தண்ணீரோடு பிள்ளையும் போய்விட்டது என்று ஹென்ட்ரி போன்றவர்கள் முறையிட்டார்கள். வருமானமும் நுகர்வும் நெடுங்காலத்தில் சேர்ந்தே போகின்றன என்ற செய்தி மட்டங்களில்தான் இருக்கிறது. மாற்றங்களை மட்டும் பார்த்தால் அது அழிந்துபோகும். வீடில்லாத இரண்டு தொடர்களின் வித்தியாசத்துக்கு வீடு இருக்கலாமே என்று ஹென்ட்ரி கேட்டார். அது முடியாது என்று நிரூபிக்கக் கிரேஞ்சர் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் முடியும் என்று நிரூபித்துவிட்டு எழுந்தார். இதைக் கிரேஞ்சரே பின்னாளில் சிரித்தபடி சொல்வார். அவரும் ராபர்ட் எங்கிளும் 1987இல் எகானமெட்ரிகா இதழில் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் அடித்தளம். 2003இல் பொருளாதார நோபல் இருவருக்கும் சேர்ந்தே வந்தது. எங்கிளுக்கு அது வேறொரு வேலைக்காக.

அலையும் தொடர்களின் வித்தியாசத்துக்கு மட்டும் வீடு இருப்பதை விளக்கப் பாடப்புத்தகங்களில் மைக்கேல் மர்ரி 1994இல் எழுதிய ஓர் உவமையைச் சொல்வார்கள்: குடித்துவிட்டுத் தள்ளாடும் ஒரு பெண், கூடவே அவள் நாய். இருவரும் எங்கே போவார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் இருவருக்கும் இடையிலான தூரம் எல்லை மீறாது. உவமை நல்லதுதான். நம் ஊரில் அதைவிட நல்ல உதாரணம் நகைக்கடைப் பலகையில் தினமும் மாறிக்கொண்டிருக்கிறது.

லண்டனில் ஒரு அவுன்ஸ் தங்கத்தின் டாலர் விலை ஒரு தொடர். டாலருக்கு எத்தனை ரூபாய் என்பது இன்னொன்று. சென்னையில் ஒரு சவரன் ஆபரணத் தங்கத்தின் விலை மூன்றாவது. மூன்றும் அலையும் தொடர்கள். தனித்தனியாகச் சோதித்தால் யூனிட் ரூட்டை மறுக்க முடியாது என்பதுதான் வழக்கமாக வரும் முடிவு. ஒரு ட்ராய் அவுன்ஸ் 31.1 கிராம். சவரன் 8 கிராம்; 22 காரட் என்பதால் அதில் சுத்தத் தங்கம் சுமார் 7.33 கிராம், அதாவது 0.236 அவுன்ஸ். அவுன்ஸ் 2,000 டாலர், டாலர் 83 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், சவரனில் உள்ள தங்கத்தின் மதிப்பு சுமார் 39,140 ரூபாய். 2024 ஜூலை வரை இருந்த 15 சதவீத இறக்குமதி வரியைச் சேர்த்தால் 45,000. செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி எல்லாம் பலகை விலைக்கு வெளியே.

சென்னை விலை இந்தக் கணக்கைவிட மிகவும் ஏறிவிட்டால் இறக்குமதி செய்பவருக்கு லாபம். தங்கம் வந்து குவியும், விலை இறங்கும். மிகவும் இறங்கிவிட்டால் இறக்குமதி நின்றுபோகும். பழைய நகை மட்டும் சந்தைக்கு வரும். இருப்புக் குறையக் குறைய விலை ஏறும். அந்தப் பெண்ணையும் நாயையும்போல இந்த விலைகளைப் பிரியவிடாமல் கயிறு பிடித்து இழுப்பது இந்த லாப நோக்கம். லாகரிதம் எடுத்துச் சொன்னால், சென்னை விலையிலிருந்து லண்டன் விலையையும் ரூபாய் விகிதத்தையும் கழித்தால் மிஞ்சும் இடைவெளி அலையாது. ஒரு மட்டத்தைச் சுற்றி ஆடும். இதுதான் கோஇன்டக்ரேஷன். அலையும் மூன்று தொடர்கள், ஒரே கட்டு. ஆகவே உண்மையில் சுதந்திரமாக அலைபவை இரண்டே சக்திகள்: லண்டனும் ரூபாயும். சென்னை பின்னால் போகிறது.

யார் யாரைத் தொடர்கிறார்கள் என்பதையும் எங்கிள்-கிரேஞ்சர் முறை பிரித்துக் காட்டும். நேற்று இடைவெளி தன் மட்டத்தைவிட அதிகமாக இருந்தது என்றால் இன்று எந்த விலை அசைந்து அதைச் சரிசெய்கிறது? சென்னை விலை இறங்கும். தியாகராய நகரில் தங்கம் விலை கூடுதல் என்பதற்காக லண்டன் விலை ஏறாது. ஒரு நாளில் பத்தில் மூன்று பங்கு இடைவெளி சரியாகிறது என்றால் இரண்டு நாளில் பாதி அடைபட்டுவிடும். பிழைதிருத்தச் சமன்பாடு என்று இதற்குப் பெயர். எங்கிளும் கிரேஞ்சரும் காட்டிய ஆழமான விஷயம் இங்கே இருக்கிறது: கட்டு இருந்தால் யாராவது ஒருவர் திருத்திக்கொண்டுதான் ஆக வேண்டும்; ஒருவரும் திருத்திக்கொள்ளவில்லை என்றால் கட்டும் இல்லை.

சோதிக்கும் முறையில் ஒரு நுட்பம் உண்டு, பலர் வழுக்கும் இடம். எத்தனை பங்கு லண்டன், எத்தனை பங்கு ரூபாய் என்பது நமக்கு முன்பே தெரிந்திருந்தால், அதாவது கோட்பாடே ஒன்றுக்கு ஒன்று என்று சொல்லிவிட்டால், இடைவெளியைக் கணக்கிட்டு வழக்கமான டிக்கி-ஃபுல்லர் எல்லையான −2.86ஐ வைத்தே சோதிக்கலாம். பங்குகளையும் தரவிலிருந்தே மதிப்பிட்டால் எல்லை இன்னும் கடுமையாகும். இரண்டே தொடர்கள் என்றால் −3.34, தொடர்கள் கூடினால் இன்னும் கீழே. காரணம், ரெக்ரஷன் எச்சத்தை முடிந்தவரை சின்னதாக்கிக் கொடுக்கும். அது இயல்பிலேயே நிலைத்ததுபோலத் தோற்றம் தரும். தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொண்டவனுக்குத் தேர்ச்சி மதிப்பெண்ணை உயர்த்துவதுதானே நியாயம்? தொடர்கள் பலவாகி, கட்டுகளும் ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடும் என்றால் டென்மார்க்கின் சோரன் யோஹான்சன் 1988இல் தந்த முறை வேண்டும். அது எத்தனை கட்டுகள் என்று எண்ணியே சொல்லும்.

இனி வரி. 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைந்தது. மேலே போட்ட கணக்கில் 45,000 ரூபாய் 41,500 ஆகும். கட்டு அறுபடவில்லை, இடைவெளியின் வீடு இடம் மாறியது, சுமார் 8 சதவீதம் கீழே. இதைச் சொல்லாமல் 2022 முதல் 2025 வரையிலான தரவைச் சோதனைக்குக் கொடுத்தால், “இடைவெளி திரும்பி வரவில்லை, கட்டு இல்லை” என்று அது தீர்ப்புச் சொல்லக்கூடும். பெரோன் எச்சரித்த அதே பள்ளம். கட்டில் முறிவை அனுமதிக்கும் சோதனையை 1996இல் கிரகரி, ஹான்சன் இருவரும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வரி மாறிய தேதி கெஜட்டிலேயே இருக்கும்போது அதைத் தரவிடம் போய்க் கேட்பானேன்?

2013இன் கதை வேறு. அந்த ஆண்டு வரி மூன்று முறை ஏறி 10 சதவீதம் ஆயிற்று. அதோடு நிற்காமல், இறக்குமதி ஆவதில் ஐந்தில் ஒரு பங்கை ஏற்றுமதியாளர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி நிபந்தனை போட்டது. வரி கட்டத் தயாராக இருந்தவருக்கும் தங்கம் கிடைக்கவில்லை. உள்நாட்டு விலை கணக்கைத் தாண்டி ஏறி நின்றது. இறங்க வைக்கும் சரக்கு வர வழியில்லை. 2014 நவம்பரில் நிபந்தனை நீங்கியது. இங்கே கயிற்றையே அரசு பிடித்து வைத்திருந்தது. 1968இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990இல் ரத்தாகும்வரை நிலைமை இதைவிட மோசம். அந்த இடைவெளியில்தான் கடத்தல்காரர்கள் பிழைத்தார்கள், தமிழ்ப்படங்களுக்கும் வில்லன்கள் கிடைத்தார்கள். ஒரு கட்டு எப்போதும் ஒரே பலத்தோடு இருக்கும் என்று எந்தச் சோதனையும் உத்தரவாதம் தராது.

கயிறு இருப்பதே நிச்சயம் என்றாலும் அதன் நீளம் தெரியாமல் பணம் போடக்கூடாது. ராயல் டச்சு, ஷெல் என்ற இரண்டு நிறுவனங்கள் 1907 முதல் தங்கள் தொழிலை இணைத்து, லாபத்தை 60:40 என்று பங்கிட்டுக்கொண்டன. ஆகவே ஒன்றின் சந்தை மதிப்பு மற்றொன்றைப்போல் ஒன்றரை மடங்காக இருக்க வேண்டும். இதைவிட உறுதியான கட்டைக் காகிதத்தில் எழுத முடியாது. அப்படியும் 1980 முதல் 1995 வரை அந்த விகிதம் 35 சதவீதம் கீழிருந்து 15 சதவீதம் மேல்வரை அலைந்ததை ஃபுரூட், டபோரா இருவரும் பதிவு செய்திருக்கிறார்கள். இடைவெளி சுருங்கும் என்று பந்தயம் கட்டியவர்களில் லாங் டெர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்க நிதி நிறுவனமும் ஒன்று. 1998இல் இடைவெளி விரிந்தது. நிறுவனத்தின் கையில் காத்திருக்கப் பணம் இல்லை. இரண்டு பங்குகளும் 2005இல் ஒன்றாயின. கணக்கு சரியாகத்தான் இருந்தது, ஆனால் ஏழு ஆண்டுகள் தாமதம்.

இங்கேயும் இப்போது இந்த ஜோடிப் பங்கு வியாபாரம் சூடுபிடித்திருக்கிறது. மென்பொருளில் ஐம்பது பங்குகளைப் போட்டால் 1,225 ஜோடிகள் கிடைக்கும். ஒன்றுக்கொன்று எந்தக் கட்டும் இல்லாவிட்டாலும், 5 சதவீத எல்லையில் அறுபது ஜோடி போலத் தேர்ச்சி பெற்று வந்து நிற்கும். அந்த அறுபதைப் பட்டியல் போட்டு விற்கும் வகுப்புகளும் உண்டு. இந்த இரண்டையும் பிரிந்துபோகாமல் இழுத்துப் பிடிப்பது யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத ஜோடியை நான் நம்பமாட்டேன், டி-மதிப்பு −5 ஆக இருந்தாலும். தங்கமும் சென்செக்ஸும் முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்து ஏறியிருக்கின்றன என்ற படம் அடிக்கடி வருகிறது. சவரன் விலையையும் லண்டனையும் இழுத்துப் பிடிக்க இறக்குமதியாளர் இருக்கிறார். சவரனையும் சென்செக்ஸையும் இழுத்துப் பிடிக்க யார் இருக்கிறார்கள்?

இதையெல்லாம் நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். ஆர் மென்பொருள் இலவசம், பைத்தானும் இலவசம், இரண்டிலும் டிக்கி-ஃபுல்லர், கேபிஎஸ்எஸ், யோஹான்சன் மூன்றும் இருக்கின்றன. சென்னைச் சவரன் விலை, லண்டன் விலை, ரூபாய் விகிதம் மூன்றையும் தேதிவாரியாக ஒரு தாளில் சேர்த்து, லாகரிதம் எடுத்து, இடைவெளியை முதலில் படமாக வரைந்து பாருங்கள். சோதனை எல்லாம் அதற்குப் பிறகு. 2013, 2019, 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் வரி மாறிய தேதிகளை அந்தப் படத்தில் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.